'எலியோ' ஓடாததற்கு யார் பொறுப்பு?

கடைசிவரிசை:
'பிக்ஸார் முன்னைப் போல இல்லை, எல்லாம் பார்ட் 2, பார்ட் 3' என்று புலம்புகிறவர்களிடம் ஒரு கேள்வி. 2025 ஜூனில் அந்த அமெரிக்க அனிமேஷன் ஸ்டூடியோவின் 'எலியோ' வந்தது. வேற்றுக்கிரகவாசிகள் வந்து தன்னைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்களா என்று கடற்கரை மணலில் மல்லாந்து கிடக்கும் ஒரு பையனின் கதை. சுத்தமான புதுக்கதை. அமெரிக்காவில் முதல் மூன்று நாள் வசூல் சுமார் 2.1 கோடி டாலர். பிக்ஸார் படங்களிலேயே மோசமான தொடக்கம். அதற்கு முந்தைய ஜூனில் 'இன்சைட் அவுட் 2' அதே மூன்று நாளில் 15.4 கோடி அள்ளியது. 'எலியோ' வந்த அன்றைக்கு எங்கே போனீர்கள் எல்லாரும்?

மேட்னிமணி:
நண்பரே, பிக்ஸாரின் புதுக்கதை 'வால்-ஈ' 2008-இல் ஓடியதே. குப்பைமேட்டில் அந்த ரோபோவுக்கு ஒரு வைர மோதிரம் கிடைக்கும். மோதிரத்தை வீசிவிட்டு அதன் டப்பியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு வசனம் கிடையாது, ஆனால் அது எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும். இன்றைக்கு அந்தக் கதையைக் கொண்டுபோனால் 'பேசும் நாய் ஒன்றைச் சேருங்கள்' என்பார்கள்.

கடைசிவரிசை:
பேசும் நாயைக் கிண்டல் செய்யாதீர்கள், 'அப்' படத்திலேயே இருக்கிறது :) அப்புறம், பார்ட் 2 என்றாலே பழைய சோறா? 'இன்சைட் அவுட் 2'-இல் ஹாக்கித் திடலின் ஓரத்தில் 13 வயதுப் பெண் பதற்றத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்திருப்பாள். அது எந்த ஃபார்முலா?

ரெண்டுபிள்ளைஅம்மா:
என் வீட்டுக் கணக்கைக் கேளுங்கள். நாலு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங். சின்னவன் பாதியில் அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே நடப்பவள் நான். தெரிந்த முகம் இருந்தால்தான் துணிந்து போவேன். அதோடு 'சோல்', 'லூக்கா', 'டர்னிங் ரெட்' மூன்றையும் நேராக வீட்டு டிவிக்கே அனுப்பினார்களே? புதுக்கதை என்றால் பொறுத்திருந்தால் வீட்டுக்கே வரும் என்று பழக்கியது யார்?

கடைசிவரிசை:
சரி அக்கா, அது அவர்களே தோண்டிய குழிதான்.

மேட்னிமணி:
அதேதான். பிக்ஸாரின் 'எலிமென்டல்' முதல் வாரம் படுத்தது. பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்லிச் சொல்லியே உலகம் முழுக்க ஏறக்குறைய 50 கோடி டாலரைத் தொட்டது. புதுக்கதைக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

கடைசிவரிசை:
அதன் தயாரிப்புச் செலவே 20 கோடி டாலர். தியேட்டர்காரர் பங்கு, விளம்பரம் எல்லாம் போக மிச்சம் என்ன?

மேட்னிமணி:
நோய் அந்த 20 கோடிதான்! அவ்வளவு போட்டால் யாருக்கும் கை நடுங்கும். லாட்வியா என்ற சின்ன ஐரோப்பிய நாட்டில் எடுத்த 'ஃப்ளோ'வுக்கு ஆன செலவு சுமார் 35 லட்சம் யூரோ. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. வசனமே இல்லாத பூனைப்படம், 2025 ஆஸ்கரில் 'இன்சைட் அவுட் 2'-ஐயே தள்ளிவிட்டு வாங்கியது. பெரிய ஸ்டூடியோக்கள் ஒரு படத்துக்குக் கொட்டும் பணத்தை ஐந்தாகப் பிரித்துப் பார்க்கட்டுமே.

கடைசிவரிசை:
விருது சம்பளம் போடாது. 2024 மே மாதம் பிக்ஸார் சுமார் 14 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிச்சமிருப்பவர்கள் வீட்டு அடுப்பு பார்ட் 2-ஆல்தான் எரிகிறது.

ரெண்டுபிள்ளைஅம்மா:
உங்கள் பேச்சைக் கேட்டு நேற்று 'ஃப்ளோ' போட்டேன். பத்து நிமிஷத்தில் சின்னவன் "பூனை எப்பம்மா பேசும்?" என்றான். பேசாதுடா என்றதும் எழுந்து போய்விட்டான். பெரியவள் கடைசிவரை அசையவில்லை, தட்டில் இட்லி காய்ந்துபோனது. நான் எந்தக் கட்சி?

கடைசிவரிசை:
தெரியவில்லை அக்கா. நான் சின்னவன் கட்சி.