செரன்கோவ் வளையம் 140 மீட்டரில் நிற்கிறது, எங்கே தப்பு?

தோட்டத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்):
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக, காமா கதிர் வானத்தில் கிளப்பும் துகள் பொழிவைக் கோர்சிகா என்ற கணினி நிரலில் ஓட்டுகிறேன். கதிரின் ஆற்றல் 1 டெராஎலக்ட்ரான்வோல்ட், வருவது நேர் செங்குத்தாக. இடம் கேமரன் மலையில் தானா ராத்தா, உயரம் 1440 மீட்டர். பொழிவுத் துகள்கள் காற்றில் ஒளி போகும் வேகத்தை மிஞ்சும்போது கிளம்பும் செரன்கோவ் ஒளி, தரையில் 120 மீட்டர் ஆரம் வாக்கில் வளையம் கட்டும் என்று படித்தேன். எனக்கு 140. மூன்று ராத்திரி ஓட்டியும் அதே 140. ஆயிரம் பொழிவுக்கு விடிய விடிய ஆகிறது. அம்மா நாலரைக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் சீவக் கிளம்பும்போதும் மடிக்கணினி விசிறி இரைந்துகொண்டே இருக்கும்.

பழைய ஃபோர்ட்ரான்:
தங்கச்சி, நோக்குமட்டத்துக்கு, அதாவது ஒளியைப் பார்க்கும் இடத்தின் உயரத்துக்கு, வெறும் 1440 என்றா எழுதினீர்கள்? கோர்சிகா அதைச் சென்டிமீட்டராக எடுத்துக்கொள்ளும். உங்கள் தானா ராத்தா இப்போது 14 மீட்டரில், கடலோரத்தில் இருக்கிறது.

கையாலேயே கணக்குப் போடுங்கள். 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, ஒளி 0.8 டிகிரிதான் விரியும். கடல்மட்டம் வரை வந்தால் 140 மீட்டர், 1440 மீட்டரில் மறித்தால் 120. 20 கிலோமீட்டரில் பிறந்த ஒளிக்குக் கோணம் அதில் பாதிகூட இல்லை. ஆனால் தூரம் இரு மடங்கு. அதனால் அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து விழும். இப்படி இந்த உயரங்களுக்கு இடையில் பிறக்கும் ஒளி ஏறக்குறைய ஓரிடத்தில் சேர்வதால்தான் வளையமே உண்டாகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்தக் கணக்கைப் போட்டால் எனக்கு மனசு நிறையும்.

ஈப்போ இரவு:
ஒளித்துகளை ஒவ்வொன்றாகத் தொடராமல் ஐந்தைந்தாகக் கட்டுங்கள். தொலைநோக்கியில் ஒளியைப் பிடிக்கும் ஒளிபெருக்கிக் குழாய் எப்படியும் நாலில் ஒன்றைத்தான் பிடிக்கும், பெரிய நஷ்டமில்லை. வளிமண்டலக் கோப்பில் வெப்பமண்டலத்துக்கானதை எடுங்கள்.

நிரலில் பூமியின் காந்தப்புலத்தை மாற்றினீர்களா? விட்டால், நிரல் பிறந்த ஊரான ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மதிப்பே இருக்கும். நம் பக்கம் கிடைப்புலம், அதாவது தரைக்கு இணையான பங்கு, அதைப்போல் இரு மடங்கு, சுமார் 40 மைக்ரோடெஸ்லா. எலக்ட்ரான் ஒரு பக்கமும் பாசிட்ரான் மறுபக்கமும் இழுபட்டு, ஒளி கிழக்கு மேற்காக நீளும்.

தோட்டத்துப்பிள்ளை:
அண்ணே, 144000 போட்டேன். வளையம் 120-க்கு வந்துவிட்டது! ஐந்தாகக் கட்டியதும் இரண்டு மணிக்கே முடிந்து, நானும் தூங்கினேன். ரொம்ப நன்றி. செங்குத்துப் புலத்துக்குக் கழித்தல் குறி வரணுமா?

ஈப்போ இரவு:
ஆமாம். காந்த நடுக்கோடு, அதாவது புலம் மேலும் கீழும் சாயாத கோடு, நமக்கு வடக்கே, தாய்லாந்துப் பக்கம் போகிறது. பேராக்கில் புலம் லேசாக மேல்நோக்கி இருக்கும்; கோர்சிகாவுக்குக் கீழ்நோக்குதான் கூட்டல்.