நெடுங்கால் உள்ளான்: பள்ளிக்கரணையிலும் கோவளத்திலும் நாங்கள் பார்த்தது

வாசுகி, துரைப்பாக்கம்:
சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துப் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பூநாரையைத்தான் விசாரிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது நெடுங்கால் உள்ளான். பவளக்காலி என்றும் சொல்வார்கள். ரேடியல் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் ரோஸ் நிறக் கால். பறந்தால் கால் வாலைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன உள்ளான்கள் கரையோரச் சேற்றோடு நின்றுவிடும். இது தைரியமாக ஆழத்துக்கு இறங்கி, மெல்லிய நேரான அலகால் பூச்சி, புழுவைப் பொறுக்கும்.

தலையில் கறுப்பு இருந்தால் ஆண் என்று பலர் குறித்துக்கொள்கிறார்கள். தலையை நம்பாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். முதுகைப் பாருங்கள்: ஆணுக்குப் பளபளக்கும் கறுப்பு, பெண்ணுக்குப் பழுப்பு ஓடியிருக்கும்.

நம் சதுப்பில் தெரியும் உள்ளான்களில் பெரும்பாலானவை பனிக்காலத்துக்கு வந்து கோடைக்கு முன் வடக்கே கிளம்பிவிடும். இது இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. கூடு பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அகிலா, மேடவாக்கம்:
நான் பார்த்திருக்கிறேன் வாசுகி அக்கா. பெரும்பாக்கம் பக்கம், கத்திரி முடிந்தும் வெயில் தணியாத சமயம். தண்ணீர் வற்றி, நடுவில் சேற்றுத் திட்டுகள் எழும்பியிருந்தன. ஒரு திட்டின் மேல் காய்ந்த கோரைத் துண்டுகளைப் பரப்பி ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. கரை மேலேயே நின்று பைனாகுலரில் பார்த்தேன். அது எழுந்தபோதுதான் முட்டைகள் தெரிந்தன. நான்கு முட்டை, மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு, கூர்முனைகள் எல்லாம் நடுவைப் பார்த்தபடி.

எழுந்த பறவை இரை தேடப் போகவில்லை. தண்ணீருக்கு இறங்கி, காலை மடக்கி, வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, கொஞ்சம் தள்ளாடி, அவ்வளவு நீளக் காலையும் பின்னால் மடித்து, ஈர வயிற்றோடு முட்டை மேல் உட்கார்ந்தது. அந்த வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்கத்தான் இந்தப் பாடு. சற்று நேரத்தில் ஜோடி வந்து இடம் மாற்றிக்கொண்டது, அதுவும் வயிற்றை நனைத்துவிட்டுத்தான் வந்தது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆணும் பெண்ணும் மாறி மாறி மூன்று வாரத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும், முழுக்க வெட்டவெளியில்.

கோவளத்துக்காரன்:
நம்ம பக்கம் கழிமுகத்துல நிறைய உண்டு மேடம். உப்புத்தண்ணி, நல்லதண்ணி ரெண்டும் அதுக்கு ஒத்துக்கும். போன கோடையில தெருநாய் ஒண்ணு சேத்துல இறங்குச்சு. அவ்ளோதான், கிக் கிக் கிக்னு கத்திக்கிட்டு இருந்ததெல்லாம் மேல கிளம்பிடுச்சு. பக்கத்துல இருந்த ஆள்காட்டிக் குருவியும் சேர்ந்துக்கிச்சு. நெடுங்கால் உள்ளான்ல ஒண்ணு மட்டும் நாய்க்கு முன்னால தொப்புனு விழுந்து, ஒரு இறக்கையைத் தொங்கப் போட்டு, கால் ஒடஞ்ச மாதிரி புரண்டுச்சு. நாய் அதைப் பிடிக்கப் போச்சு. இது இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்துச்சு. அப்படியே ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போயி, சட்டுனு பறந்துடுச்சு.

குஞ்சு எங்கன்னு தேடினேன், கண்ணுக்கே படல. பெருசுங்க கத்தல் அடங்கின பிறகு, வெறும் சேறுன்னு நான் நினைச்ச எடத்துல மூணு எழுந்து நடந்துச்சு. மண் நிறம், மேல கறுப்புப் புள்ளி. காலு மட்டும் அப்பவே நீளம்.

மணி, வேளச்சேரி:
எங்கள் தெருக்கோடியில் காலி மனையில் தேங்கிய தண்ணீரிலும் நிற்கிறது. இதே பறவைதானா?

வாசுகி, துரைப்பாக்கம்:
அதேதான் மணி சார். ஆழமில்லாத தண்ணீரும் பூச்சியும் இருந்தால் வந்துவிடும். கூட்டுக்குத்தான் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த திட்டாகத் தேடும், நாய் எளிதில் வராது என்பதால். திடீர்க் கோடைமழையில் தண்ணீர் ஏறினால், கோரையும் குச்சியும் சேர்த்துக் கூட்டை உயர்த்தப் பார்க்கும். மழை கொட்டித் தீர்த்தால் அதுவும் போதாது, முட்டை மூழ்கிவிடும்.

கோவளத்துத் தம்பி சொன்ன நொண்டி நடிப்பை நமக்கும் காட்டும். போட்டோவுக்காகச் சேற்றில் இறங்கி, அது துடிக்கிறதை வீடியோ எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தினாலே கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுங்கள். நாம் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கும், காக்காயும் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கரணை 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது பெரிய விஷயம்தான், ஆனால் சேற்றில் இறங்குகிற காலை நாம்தான் நிறுத்த வேண்டும்.

குஞ்சு பொரித்துச் சுமார் ஒரு மாதத்தில் பறக்கப் பழகிவிடும். அகிலா, இந்த ஞாயிறு பெரும்பாக்கம் போனால் அந்தத் திட்டில் இந்த வருஷமும் அடை உட்கார்ந்திருக்கிறதா என்று கரையிலிருந்தே பார்த்துச் சொல்லும்மா.