ஆம்பிளிபயரைத் தொட்டால் கூசுகிறது: சாக்கெட்டில் எர்த் இல்லையோ?

பழையவீடு:
பழைய வீடு ஒன்றுக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. பாட்டு நின்றதும் ஸ்பீக்கர்களில் 'உம்ம்' என்று ஒரு முனகல். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆம்பிளிபயரின் உலோக மூடியில் புறங்கை உரசினால் எறும்பு ஊர்வதுபோல் கூசுகிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. பாட்டு வருவது மேசைக் கணினியிலிருந்து. சாக்கெட் என்னவோ மூன்று துளை கொண்டதுதான். எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

கம்பிக்காரன்:
கூடவே கூடாது! நியூட்ரல் எங்காவது அறுந்துபோனால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்தத் துண்டுக் கம்பி வழியாக ஆம்பிளிபயரின் உடம்பில் வந்து நிற்கும். முழு 230 வோல்ட். அப்போது கூசாது, ஆளைக் கொல்லும்.

மூன்று துளை இருந்தால் எர்த் இருக்கிறது என்று பொருளில்லை. மல்டிமீட்டரில் பழக்கமுள்ளவர் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள்.

பழையவீடு:
அளந்தாயிற்று. பேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி) இடையே 231 வோல்ட். பேஸ், எர்த் இடையே 60க்கும் 90க்கும் நடுவில் அலைகிறது.

கம்பிக்காரன்:
அலைகிறது என்றாலே அந்தத் துளைக்குப் பின்னால் எர்த் இல்லை. அங்கும் ஏறக்குறைய 230 வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம்.

கூச்சத்துக்குக் கணினியைத்தான் சந்தேகிக்கிறேன். அதன் பவர் சப்ளையில், இரைச்சலை வடிகட்டுவதற்காக பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என உலோக உடம்போடு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இணைந்திருக்கும். எர்த் இருந்தால் கசிவு அதில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் உடம்பு பாதி அழுத்தத்தில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஓட்டம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு என்பதால் கூச்சத்தோடு நிற்கிறது. ஆடியோ கேபிளின் உறை அதை ஆம்பிளிபயருக்கும் கொண்டுவருகிறது. கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

ரிக்கார்டுப்பித்தன்:
30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டால் போதும் என்று எனக்குச் சொன்னார்கள். போட்டேன். உயிருக்குக் காவல்தான், மறுக்கவில்லை. ஆனால் முனகல் அசைந்துகொடுக்கவில்லை. எர்த் கம்பி இழுத்த அன்றுதான் அடங்கியது. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டும் வேலை மட்டும் வேண்டாம், நடுவில் பிளாஸ்டிக் குழாய் இருந்தால் வீண். எர்த் வந்தபிறகு ஆம்பிளிபயரையும் கணினியையும் ஒரே பலகையில் செருகுங்கள். வெவ்வேறு சாக்கெட்டில் என்றால் இரண்டு எர்த் கம்பிகளும் ஆடியோ கேபிளின் உறையும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதாவது எர்த் சுற்று உண்டாகி, முனகல் வேறு வழியில் திரும்பி வரும்.

பழையவீடு:
கணினியைப் பிடுங்கியதும் கூச்சமும் முனகலும் போயின. எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட் பெட்டியைத் திறந்தால், பச்சைக் கம்பி உள்ளேயே இருக்கிறது! யாரோ டேப் சுற்றி மடித்துவைத்திருக்கிறார்கள். கம்பி மறுமுனைவரை சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு இணைத்தார். இப்போது பேஸ், எர்த் இடையே 229. கணினி ஓடுகிறது, முனகல் இல்லை.

நண்பரிடம் சொன்னேன். அவர் வீட்டில் அந்தத் துண்டுக் கம்பி போட்டு மூன்று வருடம் ஆகிறதாம். மாலையில் அதே எலக்ட்ரீஷியனோடு அங்கே போகிறேன்.