ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மணி நேர ‘வளரிளம் பருவ’ வகுப்பு: பிரயோஜனம் உண்டா?

கணக்கு டீச்சர்:
எங்கள் பள்ளிக்கு வருடம் ஒருமுறை டாக்டரம்மா ஒருவர் வருவார். பெண் பிள்ளைகளை மட்டும் ஹாலில் உட்காரவைத்து மாதவிடாய், ரத்தசோகை, நாப்கின் என்று ஒரு மணி நேரம் பேசுவார். பையன்கள் கிரவுண்டுக்குப் போய்விடுவார்கள். “சந்தேகம் இருக்கா?” என்றதும் எல்லாத் தலையும் குனிந்துவிடும். இந்த வருடம் பொறுப்பு என் தலையில். எதை மாற்றினால் உருப்படும்? பெற்றோரை நினைத்தால்தான் பயம்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
முதலில் பையன்களைக் கிரவுண்டிலிருந்து கூப்பிடுங்கள் டீச்சர். ‘தூக்கத்தில் விந்து வந்தால் உடம்பு கெட்டுப்போகுமா’ என்ற கேள்விக்கு அவர்களுக்கு இன்றைக்கும் பதில் சொல்வது லாட்ஜ் வைத்தியர் போஸ்டர்தான்.

அப்புறம், கை தூக்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரே அளவில் துண்டுச்சீட்டு கொடுங்கள். பெயர் வேண்டாம், ஆனால் எல்லோரும் ஏதாவது எழுதியாக வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் மதியம் சாப்பிட்டதை எழுதட்டும். அப்போதுதான் யார் பேனா ஓடுகிறது என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. எனக்கு நிறைய ‘தயிர்சாதம்’ வரும். நடுவே ஒன்று: ‘போட்டோ அனுப்புன்னு கேக்கறான், மாட்டேன்னா பேச மாட்டேங்கறான்.’ கருப்பை படத்தைப் போர்டில் வரைந்து இதற்குப் பதில் சொல்ல முடியுமா?

பொது சுகாதார மாணவன்:
நர்ஸம்மா சொல்வதற்கு ஆதாரமே இருக்கிறது. நிக்கோல் ஹேபர்லேண்ட் என்ற ஆய்வாளர் 2015-ல் 22 பாலியல் கல்வித் திட்டங்களை அலசினார். ஆண்-பெண் அதிகாரத்தைப் பற்றிப் பேசியவை பத்து. அதில் எட்டு, கர்ப்பத்தையோ பால்வினை நோயையோ குறைத்தன. பேசாத பன்னிரண்டில் இரண்டுதான். கென்யாவில், வயதில் மூத்த ஆண்களிடம் எச்ஐவி எவ்வளவு அதிகம் என்ற விவரத்தை மாணவிகளுக்குச் சொன்னதும் பருவ வயதுக் கர்ப்பம் 28% குறைந்தது. ‘கல்யாணம் வரை கூடாது’ என்ற அரசுப் பாடத்தால் ஒன்றும் மாறவில்லை. 2011-ல் வந்த ஆய்வு, பாஸ்கலின் டூபா செய்தது.

ரெண்டு பெண்களின் அப்பா:
நோட்டீஸ் மட்டும் அனுப்பினால் வாட்ஸ்அப் குரூப் பற்றி எரியும். பெற்றோர் கூட்டத்தில் அதே பாடத்தை எங்களுக்கு ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். எங்களுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

கணக்கு டீச்சர்:
சரி, கூட்டத்தில் நடத்திவிடுகிறேன். சீட்டில் யாராவது தொல்லை தருவதாக எழுதியிருந்தால்?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
எழுதுவார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நாம் அதை மறைக்கக் கூடாது, போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். சீட்டு கொடுக்கும் முன்பே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் போர்டில் எழுதுங்கள், அன்றைக்கு அழிக்க வேண்டாம். பெயரில்லாத சீட்டுக்காரி தானாக வந்து பேச ஆள் வேண்டுமே. ஒரே நாளில் முடிக்காமல் வாரம் ஒரு பீரியட் கேளுங்கள்.