சங்கத்து மஞ்சப்பை என் கைக்கு வந்துடுச்சு, இனி என்ன பண்றது?

மஞ்சப்பை_பொருளாளர் கேட்டது:

வணக்கம்ங்க. சேலத்துல அழகாபுரம் பக்கம் குடியிருக்கேன். மொட்டை மாடியில நின்னா ஏற்காடு மலை தெரியும், அதைச் சொல்லித்தான் அந்தக் காலத்துல பிளாட் வித்திருக்காங்க. மொத்தம் 84 வீடு. குடியிருப்போர் நலச் சங்கம்னு ஒண்ணு இருக்கு. இருக்குன்னா, காவேரித் தண்ணி நாலஞ்சு நாள் சேர்ந்தாப்புல வரலைன்னா உசுரு வரும், தண்ணி வந்ததும் படுத்துக்கும்.

போன மாசம் கூட்டம்னு சொன்னாங்க. 84 வீட்டுல 11 பேர் வந்தோம். நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "கணக்கை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன்"னு கேட்டுட்டேன். ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் செயலாளர், பெரியவர், கோபமே படாம உள்ள போயி ஒரு மஞ்சப்பையைக் கொண்டாந்து என் மடியில வச்சுட்டார். "இனிமே நீயே பாரும்மா"ன்னார். எல்லாரும் கை தட்டுனாங்க. அப்படித்தான் நான் பொருளாளர் ஆனேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தேன். பாதி தீர்ந்த ரசீது புத்தகம் ஒண்ணு. கடைசி அடிக்கட்டையில "சாக்கடை அடைப்பு எடுத்த வகையில் ரூ. 350", தேதி இல்ல. காஞ்சு ஓடாப் போன ஸ்டாம்ப் பேடு, ரப்பர் சீல். ஆறு இலக்க டெலிபோன் நம்பர் அச்சடிச்ச லெட்டர்பேடு. 2016-க்கு அப்புறம் என்ட்ரி போடாத பாஸ்புக். பதிவுச் சான்று ஜெராக்ஸ், மடிப்புல கிழிஞ்சு நம்பர்ல ரெண்டு எழுத்து காணோம்.

கேள்வி மூணு. சங்கத்தோட பதிவு இன்னும் உசுரோட இருக்குதா, செத்துப் போச்சா? காலனி நடுவுல பூங்கான்னு விட்ட இடத்துல ஒரு டெம்போ நிக்குது, ரெண்டு எருமை கட்டியிருக்கு, மூலையில ஒருத்தர் ஜல்லி கொட்டி வச்சிருக்கார். அதை எப்படி மீட்கறது? மூணாவதுதான் பெரிய கேள்வி. ஜனங்களை எப்படி வர வைக்கறது? வாட்ஸ்அப் குரூப்புல 112 பேர் இருக்காங்க, காலை வணக்கம் தவறாம வருது.

—

பத்திரம்_எழுதி_ஓய்ந்தவர்:

அம்மா, முதல்ல அந்தப் பெரியவர் மேல சந்தேகப்படாதீங்க. கணக்குல தப்பு பண்ணவன் பையைத் தூக்கிக் குடுக்க மாட்டான். அலுத்துப் போயிருப்பார்.

பதிவு விஷயம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைஞ்சது ஏழு பேர் சேர்ந்தா சங்கம் பதியலாம். பதிஞ்ச பிறகு வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவையும் உறுப்பினர், நிர்வாகி பட்டியலையும் மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும். நிர்வாகிங்க பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக் கூடாது, ஆனா அவங்களையே திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். உங்க பெரியவர் எத்தனை வருஷமா இருக்காரோ தெரியல, நடுவுல தீர்மானம் எழுதியிருக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல முக்கால்வாசிச் சங்கம் இப்படித்தான்.

கிழிஞ்ச ஜெராக்ஸை எடுத்துக்கிட்டு நேர்ல போங்க. நம்பர் முழுசா இல்லைன்னாலும் வருஷமும் சங்கத்துப் பேரும் இருந்தா தேடலாம். கடைசியா எந்த வருஷம் தாக்கல் ஆகியிருக்குன்னு கேளுங்க, விட்டுப்போனதுக்கு என்ன கட்டணும்னு அவங்களே சொல்வாங்க. பாங்க்ல பணம் எடுக்கணும்னா கையெழுத்து மாத்தணும், அதுக்குத் தீர்மான நகல் கேப்பாங்க. அதனால எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு மினிட் புத்தகம் வாங்குங்க. அந்த 11 பேர் கூட்டத்தையே முதல் பக்கத்துல எழுதி, வந்தவங்ககிட்ட கையெழுத்து வாங்குங்க.

பூங்கா இடம்: லேஅவுட் அங்கீகாரம் வாங்குன இடம்னா வரைபடத்துல பூங்கான்னு குறிச்சிருக்கும். இப்ப இருக்கற 2019 விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல போற மனைப்பிரிவுல, சாலை போக மீதியில 10 சதவீதத்தைத் திறந்தவெளியா விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுத்தாகணும். உங்களுது பழைய லேஅவுட், அப்ப வரைபடத்துல மட்டும் பச்சை அடிச்சுட்டு பத்திரம் எழுதாம விட்ட கதை நிறைய உண்டு. அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க. தானப் பத்திரம் பதிவாகியிருந்தா இடம் மாநகராட்சியோடது, நீங்க மனு குடுத்தா போதும். இல்லைன்னா வேலை இருக்கு.

வரைபட நகல் கிடைக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. மனுவுல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். 30 நாளுக்குள்ள பதில் தரணும். "ஏன் ஆக்கிரமிப்பை எடுக்கல"ன்னு கேக்காதீங்க, அது தகவல் இல்ல, சண்டை. "இன்ன மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகல்"னு ஒரே வரி.

—

தட்டுவடை_செட்:

நல்லா சொன்னீங்க ஐயா. ஆனா அக்கா, ஒண்ணு மட்டும் சொல்றேன், ஜனங்க வர மாட்டாங்க. எங்க ஏரியாவுல பொங்கலுக்குக் கோலப்போட்டி வச்சோம், பரிசு எவர்சில்வர் அண்டா. அண்டாவுக்காக 40 பேர் வந்தாங்க. மறுவாரம் குப்பை பிரிக்கறதைப் பத்திக் கூட்டம், 4 பேர். அதுல ரெண்டு பேர் டீக்கு வந்தவங்க.

—

கன்னங்குறிச்சிக்காரி:

தம்பி சொல்றது பொய்யில்ல. ஆனா கூட்டத்துக்கு வராதவங்க வேலைக்கு வருவாங்க, அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

எங்க மூக்கனேரி 58 ஏக்கர். ஏற்காடு மலையில மழை பெய்ஞ்சா தண்ணி இங்கதான் இறங்கும். 2010 வாக்குல சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம்காரங்க கையில எடுத்தப்போ அதை ஏரின்னு சொல்ல வாய் வராது. முள்ளும் குப்பையுமா கிடந்துச்சு. தூர் வாரின மண்ணை லாரி வச்சு வெளிய அடிக்காம, ஏரிக்குள்ளயே திட்டுத் திட்டா குவிச்சு மரம் வச்சாங்க. வண்டிக் காசு மிச்சம், பறவைக்கும் இடம் ஆச்சு. இன்னிக்கு அந்தத் திட்டுல நாரை உக்காந்திருக்கறதைப் பார்க்கவே வெளியூர்ல இருந்து வர்றாங்க.

நான் அங்க ஒண்ணும் பெருசா கிழிக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரோட சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு பையன் வந்து, "அக்கா, இந்தக் கன்னைக் கொஞ்சம் பிடிங்க"ன்னான். பிடிச்சேன். மண்ணு தள்ளினான், தண்ணி ஊத்தச் சொன்னான், ஊத்தினேன். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அந்தக் கன்னு பொழைச்சுதான்னு பார்க்க நானாவே போனேன். "கூட்டத்துக்கு வாங்க"ன்னு கூப்பிட்டிருந்தா எந்தச் சென்மத்துலயும் போயிருக்க மாட்டேன்.

அதனால குரூப்புல அழைப்பு போடாதீங்க. நாலு வீட்டுக் கதவைத் தட்டி, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரே ஒரு பொருள் கேளுங்க. ஒருத்தர்கிட்ட கடப்பாரை, ஒருத்தர்கிட்ட டேப்பு. கடப்பாரை குடுத்தவர் அது திரும்பி வருதான்னு பார்க்கவாவது வருவார்.

காசு விஷயத்துல, நமக்கு நாமே திட்டம்னு இருக்கு. பூங்கா மாதிரி வேலைக்கு மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மீதியை அரசு போடும். ஆனா இடம் யாருதுன்னு தெளிவாகாம அந்தப் பேச்சே எடுக்காதீங்க. கிராம சபை மாதிரி டவுன்ல வார்டுக்குள்ள நடக்கற பகுதி சபையிலயும் மனு குடுத்து வைங்க. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்கு முதல் தடவை நடந்தப்போ நான் போனேன். பேசவே மாட்டாங்கன்னு நினைச்ச பொம்பளைங்கதான் தெருவிளக்கு கம்பம் நம்பரோட எழுதிக் கொண்டாந்து குடுத்தாங்க.

—

மஞ்சப்பை_பொருளாளர்:

எல்லாருக்கும் நன்றிங்க. மூணு வாரம் கழிச்சு எழுதறேன்.

பதிவு முழுசா சாகல, ஆனா 2014-க்கு அப்புறம் ஒரு காகிதமும் போகல. விட்ட வருஷத்துக் கணக்கை எழுத உக்காந்திருக்கோம். ஐயா சொன்னதுதான் நிஜம், பெரியவர் ஒரு பைசா தொடல. சொல்லப்போனா கைக்காசு நிறையப் போட்டிருக்கார். அந்த 350-ம் அவருதுதான். கேட்டதுக்கு, "யாருகிட்டம்மா போயி வாங்கறது"ன்னார். மினிட் புத்தகத்துல முதல் கையெழுத்து அவரோடது.

தகவல் மனு அனுப்பியாச்சு, பதில் இன்னும் வரல. அதுக்குள்ள இடத்தை நாமளே அளந்து வைப்போம்னு போன ஞாயிறு இறங்கினோம். அக்கா சொன்ன மாதிரி டேப்பு ஒரு வீட்டுல, சுண்ணாம்பு ஒரு வீட்டுல, கடப்பாரை ஒரு வீட்டுல கேட்டேன். 9 பேர் வந்தாங்க. ஜல்லிக்காரர் எங்களைப் பார்த்துட்டு, ரெண்டு நாள்ல எடுத்துக்கறேன்னார், எடுத்தும் விட்டார். டெம்போ இன்னும் நிக்குது.

டேப்போட இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாம நான் முழிச்சுக்கிட்டிருந்தப்போ எருமை வளர்க்கற அம்மா வந்து பிடிச்சாங்க. மூலைக்கு மூலை கூடவே நடந்தாங்க, முளைக்குச்சி அடிக்கறப்ப எருமையை நகர்த்திக் கட்டினாங்க. இந்தக் காலனியில பாதி வீட்டுக்கு அவங்க பால்தான், எங்க வீட்டுக்கும். அளந்து முடிச்சுட்டு, "வேலி போட்டா இதுங்களை நான் எங்க கண்ணு கட்டறது?"ன்னாங்க.

அதுக்கு யாராவது ஒரு வழி சொல்லுங்க. நாளைக்கும் காலையில பால் ஊத்த வருவாங்க.