ஐ.வி.எஃப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். நம் கத்தோலிக்க விசுவாசத்தோடு எப்படி முடிவெடுப்பது?

கடலோரத்து டீச்சர்:

எனக்கு 34 வயது. தூத்துக்குடியில் இருக்கிறோம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கலியாணமாகி ஏழு வருடம். சொந்தத்தில் மூன்று பிள்ளைகளுக்கு நான் ஞானத்தாய். எனக்கென்று ஒன்று இல்லை.

கருமுட்டை வரும் இரண்டு டியூபிலும் அடைப்பு இருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. மாத்திரை, ஊசி, ஒரு லேப்ராஸ்கோப்பி எல்லாம் பார்த்தாகிவிட்டது. போன வாரம் ஒரு மருத்துவமனையில் இனி ஐ.வி.எஃப்தான், அதாவது ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைப்பதுதான் வழி என்றார்கள். ஒரு சைக்கிளுக்கு இரண்டு லட்சம். அதற்கு என் வளையல்களைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் கையெழுத்துப் போடக் கொடுத்த படிவத்தில் ஓர் இடம் வந்தது. மிச்சமாகும் கருக்களை உறைய வைக்கவா, அழித்துவிடவா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கவா என்று கேட்டு, பக்கத்தில் டிக் போடக் கட்டங்கள். ஏழு வருடமாக மாதாவிடம் ஒன்றே ஒன்று தா என்று கேட்கிறேன். 'மிச்சம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கை ஓடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சாமியாரிடம் கேட்டேன். "திருச்சபை அனுமதிக்கவில்லை அம்மா" என்றார். அடுத்த பூசைக்கு மணி அடித்துவிட்டது, அதற்கு மேல் பேச முடியவில்லை. இதற்கிடையில் பிள்ளையில்லாத கலியாணத்தை மறைமாவட்டத்தில் சொல்லி ரத்து செய்யலாம் என்று யாரோ மாமியார் காதில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் அந்தப் பேச்சும் ஓடுகிறது.

ஏன் கூடாது, எதுவரை கூடும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வழியாக வந்தவர்கள் இருந்தால் அவர்களும்.

நெல்லைத் தம்பி:

டாக்டருக்கு அறிவு கொடுத்ததும் ஆண்டவர்தானே அக்கா? என் அண்ணன் மகன் ஐ.வி.எஃப்பில் பிறந்தவன். இப்போது பீடச் சிறுவன். அவனைப் பார்த்துப் பாவத்தில் வந்தவன் என்று யாரால் சொல்ல முடியும்? தைரியமாகச் செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற உபதேசியார்:

தம்பி, அந்தப் பிள்ளையை அப்படி யாரும் சொல்லக் கூடாது. 1987இல் உரோமை வெளியிட்ட 'தோனும் வீத்தே' என்ற போதனை ஏடே, எந்த வழியில் பிறந்தாலும் குழந்தையை இறைவனின் கொடையாக ஏற்கச் சொல்கிறது. கேள்வி வழியைப் பற்றியதுதான்.

டீச்சரம்மா, இரண்டு காரணம். பிள்ளை என்பது கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தங்களைக் கொடுப்பதில் வரும் கனி. ஐ.வி.எஃப்பில் அந்த இடத்தை ஆய்வகம் எடுத்துக்கொள்கிறது. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கருத்தடை பற்றிச் சொன்னதும் இதே நியாயம்தான்: கூடலையும் பிள்ளைப்பேற்றையும் பிரிக்காதீர்கள். அங்கே பிள்ளை இல்லாத கூடல், இங்கே கூடல் இல்லாத பிள்ளை. இரண்டாவது காரணம், கருவுற்ற நொடியிலிருந்தே அதை மனிதராக மதிக்க வேண்டும் என்பது. உங்கள் கை நின்ற இடம் அதுதான். படிக்காமலே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எது கூடும்? தாம்பத்தியத்துக்குப் பதிலாக வராமல் அதற்குத் துணையாக வரும் சிகிச்சை எல்லாம் கூடும். அடைப்பை நீக்கும் அறுவை, முட்டை வளர மருந்து, கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்குச் சிகிச்சை, ஆணுக்கு விதைப்பை நரம்பு வீங்கும் வெரிகோசீல் இருந்தால் அதற்கான ஆபரேஷன். உங்கள் டியூபுக்கு அறுவை பலன் தருமா என்று இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். அப்புறம், உங்கள் கேள்வியில் உங்கள் கணவருக்கு எடுத்த பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

மாமியாருக்கு: திருச்சபைச் சட்டம் 1084, மூன்றாம் பிரிவு. மலடு திருமணத்தைத் தடுக்காது, செல்லாததாகவும் ஆக்காது. தெரிந்தே மறைத்து ஏமாற்றிக் கட்டிவைத்திருந்தால்தான் வேறு கதை. ஏழு வருடம் கழித்துத் தெரியவந்த அடைப்பு அதில் சேராது. இதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

இரட்டைப் பிள்ளை அம்மா:

தங்கச்சி, நான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள். உறைய வைக்க என்ற கட்டத்தில் டிக் போட்டேன், யோசிக்கவே இல்லை. இரண்டு மகள்கள். போன மே மாதம் புதுநன்மை வாங்கினார்கள். அவர்களுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் இன்னும் மூன்று கரு அங்கே இருக்கிறது. வருடா வருடம் பணம் கட்டச் சொல்லி மெசேஜ் வரும். கட்டுவேன். எனக்கு இப்போது 44, கர்ப்பப்பையும் எடுத்தாகிவிட்டது. நம் நாட்டுச் சட்டப்படி பத்து வருடம்தான் வைத்திருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதேன். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் அவர்களை என்ன செய்வது என்று கேட்டபோது சாமியாரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். 2008இல் வத்திக்கான் தந்த ஏடே இந்த நிலையைத் தீர்க்க முடியாத அநியாயம் என்கிறது என்று அப்புறம் சொன்னார். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எனக்கு இதை முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

அன்னம்மாவின் அப்பா:

சகோதரி, நாங்கள் தத்தெடுத்தவர்கள். முன்பெல்லாம் கிறிஸ்தவர்களுக்கு 1890ஆம் வருடச் சட்டப்படி காப்பாளர் உரிமைதான் கிடைத்தது. 2000இல் வந்த சிறார் நீதிச் சட்டத்துக்குப் பிறகு எந்த மதத்தவரும் முழுப் பெற்றோர் ஆகலாம். 2019 கடைசியில் தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிந்தோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து சமையலறை முதல் சம்பளச் சீட்டு வரை பார்த்து அறிக்கை எழுதினார். மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். 2023இல் பத்து மாதப் பெண் குழந்தை. ஆணையில் கலெக்டர் கையெழுத்து. ஞானஸ்நானப் பதிவேட்டில் எங்கள் பெயர். மாதாவின் அம்மா பெயரையே வைத்தோம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வயிற்றில் வராததற்குப் பதில் என்று நினைத்து எடுக்காதீர்கள். நானும் மனைவியும் ஒரு வருடம் அழுது தீர்த்த பிறகுதான் பதிந்தோம். பெற்றவள் கொடுக்கத் தயார், காகிதம் வேண்டாம் என்று இடைத்தரகர் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது குற்றம்.

கடலோரத்து டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். அக்கா, நேற்று ஜெபமாலையில் ஒரு பத்து மணியை அந்த மூன்று பேருக்காகச் சொன்னேன்.

உபதேசியார் ஐயா, அவருக்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்த சீட்டு இரண்டு வருடமாக வீட்டு பைபிளுக்குள் இருக்கிறது. போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவராகவும் போகவில்லை. குறை என் பக்கம்தான் என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்று காலை நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரிடம் போனைக் கொடுத்து முழுவதும் வாசிக்கச் சொன்னேன். காபி ஆறிப்போகும்வரை வாசித்தார். பிறகு எழுந்து பைபிளைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், நீயும் சொல்லிவிடு" என்றார்.