அவசரம்: பிரசன்டேஷன்ல எழுத்து உடைஞ்சு வருது

பத்தமடை டீச்சர்: நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல கண்காட்சி. பத்தமடைப் பாய் பத்தி பிரவுசர்ல ஓடுற மாதிரி செஞ்சிருக்கேன். தலைப்பு ஒவ்வொரு எழுத்தா வந்து விழணும். விழுது, ஆனா உடைஞ்சு வட்டம் வட்டமா நிக்குது. என்ன செய்ய? சீக்கிரம் சொல்லுங்க.

பாளை வெப்: எதுல செஞ்சீங்க டீச்சர்? எந்த பிரவுசர்? நீங்க எழுதின புரோகிராம் கோடை இங்க போடுங்க.

சேரன்மாதேவி: ஃபான்ட்தான் பிரச்சினை. நோட்டோ சான்ஸ் தமிழை இறக்கி அதே ஃபோல்டர்ல வச்சுப் பாருங்க. எப்படியும் பள்ளிக்கூடத்துல நெட் கிடைக்குமோ என்னவோ.

பத்தமடை டீச்சர்: குரோம். ரிவீல்.ஜேஎஸ், பிரவுசர்ல ஸ்லைடு காட்டுற கருவி. ஃபான்ட் மாத்தியாச்சு, அப்பவும் அப்படித்தான். "கோரை"ன்னு வரணும். முதல்ல வெறும் "க" விழுது. பின்னாலயே ஒரு புள்ளி வட்டம், அதுக்கு இடப்பக்கம் இரட்டைக் கொம்பு, வலப்பக்கம் கால்.

குறுக்குத்துறை: இதை முதல் பதிவுலயே எழுதியிருந்தா இவ்வளவு நேரம் போயிருக்காது. கேள்வி கேக்கவும் ஒரு முறை இருக்கு, பல தடவை சொல்லியாச்சு. ரிவீல்ல ஒண்ணொண்ணா வர வைக்கிற ஃபிராக்மென்ட், ஒரு எலிமென்டை, அதாவது பக்கத்துல உள்ள ஒரு துண்டைத்தான் காட்டும், அதுவா எழுத்தைப் பிரிக்காது. அப்ப நீங்க எங்கயோ இருந்து ஒரு ஸ்கிரிப்டை எடுத்து ஒட்டியிருக்கீங்க, அதுல ஸ்பிளிட்னு சொல்லைத் துண்டாக்குற கட்டளை இருக்கும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற யூனிகோடுல "கோ" ரெண்டு குறியீடு: க ஒண்ணு, ஓகாரக் குறி ஒண்ணு. ஸ்பிளிட் அதை ரெண்டா வெட்டி, தனித்தனி இன்லைன்-பிளாக் ஸ்பானுக்குள்ள, அதாவது தனித்தனிப் பெட்டிக்குள்ள, அடைச்சிருது. துணையில்லாம நிக்கிற குறிக்கு பிரவுசர் புள்ளி வட்டம் போடும்.

பாளை வெப்: அண்ணாச்சி சொல்லுதது சரி. ஸ்பிளிட்டை எடுத்துட்டு பிரவுசர்லயே உள்ள இன்ட்ல்.செக்மென்டர் போடுங்க, கிராஃபீம் கணக்குல, அதாவது குறியை எழுத்தை விட்டு வெட்டாம, பிரிக்கும். குரோம்ல 87ஆம் பதிப்புல இருந்தே இருக்கு. ஃபயர்ஃபாக்ஸ்னா 125 வேணும், அது 2024லதான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல எந்த கம்ப்யூட்டர்னு பாத்துக்கோங்க.

சேரன்மாதேவி: இதுக்குத்தான் டேஸ்16ங்கிற தமிழ்க் குறியீட்டு முறை வேணும்னு அன்னைக்கே சொன்னோம். அதுல கோவுக்கு ஒரே குறியீடு. 2010ல அரசாணையே வந்துச்சு, யாரு கேட்டா?

குறுக்குத்துறை: அரசாணையை முழுசா வாசிச்சீரா வே? யூனிகோடுதான் முதல்ல, டேஸ்16 மாற்று ஏற்பாடு. அது யூனிகோடு யாருக்கும் ஒதுக்காம அவங்கவங்க சொந்தமா வச்சுக்க விட்ட தனிப்பயன் பகுதியில உக்காந்திருக்கு. அந்த ஃபான்ட் இல்லாத போன்ல பிள்ளைகளுக்கு வெறும் கட்டம்தான் தெரியும்.

சேரன்மாதேவி: கட்டம் ஃபான்டால வருது, குறியீட்டால இல்ல. உயிர்மெய் ஒரே எழுத்துன்னு ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சோமா இல்லையா? கம்ப்யூட்டர் மட்டும் ஏன் அதை ரெண்டா எண்ணணும்? இன்னைக்கு டீச்சர் ராத்திரி முழிச்சிருக்கிறதே அதனாலதான்.

பாளை வெப்: அண்ணாச்சிமாரே, அதுக்குத் தனி இழை போடுவோம். டீச்சர், சரியாச்சா?

பத்தமடை டீச்சர்: கோ முழுசா விழுது, ரையும் சேர்ந்தே வருது. ரொம்ப நன்றி. ஆத்தைப் பத்தின பக்கத்துல ஸ்ரீவைகுண்டம்னு வருது, அதுல மட்டும் "ஸ்" தனியா "ரீ" தனியா விழுது.

பாளை வெப்: ஸ்ரீ, க்ஷ ரெண்டையும் செக்மென்டர் பிரிச்சிரும். பிரிச்ச பட்டியல்ல "ஸ்" பக்கத்துல "ரீ", "க்" பக்கத்துல ஷகர வரிசை எழுத்து வந்தா சேத்து ஒரே ஸ்பான்ல போடுங்க. நேரமில்லைன்னா அந்தப் பக்கத்தை மட்டும் சொல் சொல்லா விழ விடுங்க.

சேரன்மாதேவி: டேஸ்16ல ஸ்ரீக்கும் ஒரே குறியீடுதான்.